ஒயில் எங்கே போகிறது? எஞ்சினைக் கழற்ற முதல் பார்க்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் எந்தக் கராச்சில் போய் "ஒயில் குறையுது அண்ணை" என்று சொன்னாலும் அநேகமாக ஒரே காட்சிதான். மெக்கானிக் சைலன்சர் வாய்க்குள் சுட்டுவிரலை விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றி எடுத்து, கறுத்த விரலை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டி, "ரிங் போயிட்டுது தம்பி, எஞ்சின் இறக்கோணும்" என்பார். நானும் ஒருமுறை அதற்குத் தலையாட்டிவிட்டு வந்தவன்தான். 100 சிசி பைக், புகை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் மாதத்துக்கு ஒருதரம் பார்த்தால் டிப்ஸ்டிக் நுனியில் மட்டும் ஒயில் இருக்கும். பிஸ்டன், அதைச் சுற்றியிருக்கிற ரிங் வளையங்கள், போர் (சிலிண்டர்), காஸ்கெட் எல்லாம் மாற்றி, ஒரு கிழமை பஸ்ஸில் திரிந்து, காசையும் கொடுத்து எடுத்து வந்தால் அடுத்த மாதமும் அதே நுனிதான். கடைசியில் பார்த்தால் செயினை இழுக்கிற முன் பல்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்ன ஒயில் சீல், ஒயில் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் வளையம். மாற்றுவதற்கு அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது.

கராச்காரரில் மட்டும் பிழை சொல்லமாட்டேன். எவ்வளவு குறைகிறது, எத்தனை கிலோமீற்றருக்குக் குறைகிறது என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. ஆகவே நான் சொல்லப்போவது ஒன்றுதான்: ஒயில் எந்த வழியால் போகிறது என்று தெரியாமல் எஞ்சினில் ஸ்பானர் வைக்க விடாதீர்கள். வெளியே ஒழுகலாம், உள்ளே எரியலாம், அல்லது ஒயில் குறையவே இல்லாமல் நீங்கள் பிழையாகப் பார்த்திருக்கலாம். கடைசியாகச் சொன்னது நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

முதலில் சரியாகப் பாருங்கள்

சைட் ஸ்ராண்டில் நிற்கிற பைக்கில் ஒயில் பார்ப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். பைக் இடது பக்கம் சாயும், சின்ன பைக்குகளில் பெரும்பாலும் டிப்ஸ்டிக் வலது பக்கம், ஒயில் எல்லாம் இடது பக்கம் போய்த் தேங்கி நிற்க, குச்சியை எடுத்தால் காய்ந்திருக்கும். பதறிப்போய்க் கால் லீற்றர் விடுவோம். நிமிர்த்தி வைத்துப் பார்த்தால் மேல் கோட்டையும் தாண்டி நிற்கும், ஆனால் யார் நிமிர்த்திப் பார்க்கிறார்கள்? கூடிப்போன ஒயிலை உள்ளே சுழலும் கிராங்க் அடித்து நுரையாக்கும், அது எஞ்சின் மூச்சு விடுகிற பிரீதர் குழாய் வழியே எயார் பில்டர் பெட்டிக்குள் போகும், அங்கிருந்து காபரேற்றர், பிறகு சிலிண்டர், பிறகு நீலப் புகை. "பாத்தியா, ஒயில் குடிக்குது" என்று சொல்லிக்கொண்டு இன்னும் கொஞ்சம் விடுவோம். நல்ல எஞ்சினுக்கு நாங்களே நோய் வரவைக்கிற வழி இது.

சீமெந்துத் தரை, நடு ஸ்ராண்ட், முற்றத்து மணல் வேண்டாம். எஞ்சினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, குச்சியைத் துடைத்து மறுபடி வைத்து எடுத்துப் பாருங்கள். குச்சியைத் திருகி இறுக்கிப் பார்ப்பதா, திருகாமல் சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது மொடலுக்கு மொடல் மாறும். நம்மூரில் ஓடுகிற ஹீரோ, ஹொண்டா வகைகளில் பெரும்பாலும் திருகாமல்தான். சேர்விஸ் புத்தகம் இருந்தால் அதில் இருக்கும். பல்சர் மாதிரி வண்டிகளில் குச்சிக்குப் பதில் கண்ணாடி வட்டம் இருக்கும், அதற்கு ஒருவர் பைக்கை நேராகப் பிடிக்க மற்றவர் குனிந்து பார்க்கவேண்டும். எந்த முறையாக இருந்தாலும் ஒவ்வொருதரமும் அதே இடம், அதே முறை, அதே அளவு பொறுத்திருத்தல். அது மாறினால் நீங்கள் எடுத்த கணக்கு எல்லாம் வீண்.

குச்சியை எடுத்த கையோடு ஒருதரம் மணந்தும் பாருங்கள். பெற்றோல் மணம் அடித்தால் காபரேற்றர் மிதவை ஊசி சரியாக மூடாமல் பெற்றோல் எஞ்சினுக்குள் இறங்குகிறது, அப்போது ஒயில் மட்டம் ஏறும், குறைவது தெரியவே தெரியாது. 1990களில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில், சின்னப் போத்தலில் இருந்து இரண்டு துளி பெற்றோலைப் பீச்சி ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். மட்டம் நிறைந்து இருக்கும், ஒயிலோ தண்ணீர் மாதிரி இருக்கும். "ஒயில் குறையவே இல்லை" என்று சந்தோசப்பட்டவர்களுடைய எஞ்சின்தான் முதலில் இறுகிப் பிடித்து நின்றது.

எவ்வளவு குறைகிறது

இதற்கு ஆகத் தேவையான கருவி ஒரு சூப்பிப் போத்தல். உண்மையாகத்தான் சொல்கிறேன், பக்கத்தில் மில்லிலீற்றர் கோடு போட்ட, வீட்டில் பிள்ளை வளர்ந்தபிறகு சும்மா கிடக்கிற போத்தல். ஒயிலைச் சரியாக மேல் கோட்டில் நிறுத்தி, மீற்றரில் எத்தனை கிலோமீற்றர் என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு 500 கிலோமீற்றர் ஓடுங்கள். பிறகு அதே இடத்தில் அதே முறையில் பார்த்து, போத்தலில் 250 மில்லி ஊற்றி, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மறுபடி மேல் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். போத்தலில் 180 மிச்சம் இருந்தால் 70 மில்லி போயிருக்கிறது. இடையில் 200 கிலோமீற்றரில் ஒருதரம் திறந்து பாருங்கள், கீழ்க் கோட்டைத் தொட்டுவிட்டால் அளந்து விட்டு எழுதி வையுங்கள், பரிசோதனை என்று எஞ்சினைக் கருக்க வேண்டாம்.

100, 125, 150 சிசி எஞ்சின்களுக்குள் இருப்பதே ஒரு லீற்றர் போலத்தான், ஸ்கூட்டிகளில் அதைவிடக் குறைவு. அதனால் நான் வைத்திருக்கிற கணக்கு இது: 1000 கிலோமீற்றருக்கு 100 மில்லிக்குள் என்றால் பேசாமல் விட்டுவிடுங்கள், எந்த எஞ்சினும் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். 100 தொடக்கம் 300 வரை என்றால் காரணம் தேடவேண்டும், ஆனால் அவசரம் இல்லை. 500ஐத் தாண்டினால் அடுத்த சேர்விஸ் மட்டும் பொறுக்க வேண்டாம், ஒரு லீற்றர் எஞ்சினில் பாதி போய்விட்டது என்று அர்த்தம்.

ரவுணுக்குள் ஓடும் ஓட்டத்தையும் ஏ9 நெடுஞ்சாலையில் ஓடும் ஓட்டத்தையும் முடிந்தால் தனித்தனியே அளந்து பாருங்கள். வவுனியா போய்வர 280 கிலோமீற்றர் போல வரும். முழுக்க வேகத்தில் ஓடிய அந்த ஒரு நாளில் குறைவது, பக்கத்துத் திருநெல்வேலிக்கும் யாழ்ப்பாண ரவுணுக்கும் இடையில் ஒரு மாதம் திரிந்து குறைவதைவிட அதிகமாக இருக்கலாம். அதிலும் ஒரு துப்பு இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று. 1000 கிலோமீற்றருக்கு 200 மில்லி என்பது ஒரு கிலோமீற்றருக்கு 0.2 மில்லி, ஏறத்தாழ நான்கு துளி. ஒரு கிலோமீற்றர் ஓடும் நேரம் முழுக்க எரிகிற நான்கு துளி ஒயிலின் புகையைக் கண்ணால் காண்பது கஷ்டம், புது பைக்குகளில் சைலன்சருக்குள் புகையைச் சுத்திகரிக்கிற கட்டலிற்றிக் கொன்வேர்ட்டரும் இருப்பதால் இன்னும் கஷ்டம். ஆகவே "புகை இல்லை, அப்ப எரியேல்லை" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அதேமாதிரி "கீழே சொட்டு இல்லை, அப்ப ஒழுகேல்லை" என்பதையும் நம்பவேண்டாம், என்னை ஏமாற்றியது அதுதான்.

வெளியே ஒழுகுகிறதா

எஞ்சின் ஆறினபிறகு மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு எஞ்சின் முழுக்கத் தேய்த்துக் கழுவி, சவுக்கார நீரில் அலசி, நன்றாகக் காயவிடுங்கள். சூடாக இருக்கும்போது தண்ணீர் அடிக்கக்கூடாது, காபரேற்றர் வாய்க்குள்ளும் வயர்ப் பக்கமும் பைப்பைப் பிடிக்கவும் கூடாது. காய்ந்தபிறகு முகத்துக்குப் பூசும் வெள்ளைப் பவுடரை ஒரு துணியில் பொட்டலமாகக் கட்டி, ஹெட், புளொக், இரண்டு பக்க மூடிகள் எல்லாவற்றிலும் தட்டித் தட்டி விடுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை. பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடிவந்து பார்த்தால், ஒழுகும் இடத்தில் பவுடர் நனைந்து சாம்பல் நிறமாகி ஒரு கோடு இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் மேல் நுனியைப் பிடியுங்கள். ஒயில் கீழேயும், காற்றோடு பின்னாலேயும்தான் போகும், ஆகவே நனைந்த இடத்தில் ஆக உயரமானதும் ஆக முன்னால் உள்ளதும்தான் ஊற்று.

டப்பெட் மூடி ஓரிங், ஹெட் காஸ்கெட், புளொக்குக்குக் கீழே உள்ள காஸ்கெட், ரைமிங் செயின் ரென்ஷனர், கிக்கர் அச்சு, கியர் அச்சு, மக்னெட் பக்கம் வயர் வெளியே வருகிற ரப்பர், வடிகால் ஆணியின் வொஷர். இவ்வளவும் கண்ணுக்குத் தெரிகிற இடங்கள்.

தெரியாத இடம் முன் பல்சக்கரம். இடது பக்கச் செயின் மூடியின் இரண்டு மூன்று ஆணியைக் கழற்றி எடுத்தால், உள்ளே செம்மண்ணும் ஒயிலும் குழைந்த கறுத்த களி ஒரு விரல் தடிப்பில் அப்பியிருக்கும். எல்லோரும் அதைச் செயினுக்குப் பூசிய கிரீஸ் என்றுதான் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். அதைச் சுரண்டி எடுத்து, பல்சக்கர அச்சு எஞ்சினை விட்டு வெளியே வரும் இடத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மூடியைப் போட்டு 50 கிலோமீற்றர் ஓடிவந்து மறுபடி கழற்றிப் பாருங்கள். அச்சைச் சுற்றிப் புதிதாக மெல்லிய, ஓடக்கூடிய ஒயில் இருந்தால் சீல் போய்விட்டது. செயின் கிரீஸ் என்றால் தடிப்பாகச் செயினில் இருந்து சிதறிய புள்ளிகளாக இருக்கும், அச்சைச் சுற்றி வளையமாக இராது. இந்தச் சீல் அச்சு சுழலும்போதுதான் ஒழுகும், ஒழுகியதைச் செயின் அள்ளிக்கொண்டு போய்ப் பின் ரயர்ப் பக்கம் வீசும். அதனால்தான் இரவு பைக்குக்குக் கீழே பால்மாப் பெட்டி மட்டையை விரித்துவைத்தும் காலையில் ஒரு சொட்டும் விழுந்திருக்கவில்லை. மூடியைக் கழற்றிய அன்று எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதமுடியாது. பெரும்பாலான சின்ன பைக்குகளில் எஞ்சினைப் பிரிக்காமலேயே வெளியில் இருந்து இந்தச் சீலை நெம்பி எடுத்துப் புதியதை அடிக்கலாம், ஆனால் அச்சில் சீல் உரசிப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

பண்ணைப் பாலத்தில் புகை பார்த்தல்

ஒழுக்கு இல்லை என்று உறுதியானால் ஒயில் எரிகிறது. இனி எங்கே என்பதுதான் கேள்வி, ரிங் பக்கமா வால்வு பக்கமா. அதற்குப் புகை வருகிற நேரத்தைப் பார்க்கவேண்டும், புகை வருகிறதா இல்லையா என்பதைவிட அது முக்கியம்.

எந்த வீடியோவைப் பார்த்தாலும் "மலையில் இருந்து கீழே இறங்கும்போது அக்சிலேற்றரை மூடிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் மலைக்கு எங்கே போவது? அதற்குப் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போகும் றோட்டு போதும். பின்னேரம், வெயில் சாய்ந்து வெளிச்சம் முன்னாலிருந்து வரும் நேரமாகப் பார்த்து, கூட்டாளி ஒருவரை இன்னொரு பைக்கில் 15, 20 மீற்றர் பின்னால் வரச்சொல்லுங்கள், வெளிச்சத்துக்கு எதிரே மெல்லிய புகையும் தெரியும். வாகனம் குறைவாக இருக்கும்போது மூன்றாம் கியரில் 50இல் போய், கிளச்சைத் தொடாமல் அக்சிலேற்றரை முழுக்க மூடி 20 வரை இறங்கவிட்டு, பிறகு சட்டென்று திறவுங்கள். மூன்று நான்கு தரம் செய்யுங்கள். கடற்காற்றுப் பக்கவாட்டில் பலமாக அடித்தால் அன்றைக்கு விட்டுவிட்டு இன்னொரு நாள் போகலாம்.

மூடி இறங்கிவந்து திறந்த அந்தக் கணத்தில் மட்டும் ஒரு நீல முகில் வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் (வால்வுத் தண்டைச் சுற்றிய ரப்பர்) அல்லது வால்வு கைட் (தண்டு ஓடுகிற குழல்). அக்சிலேற்றர் மூடியிருக்கும்போது காற்று உள்ளே வருகிற இன்ரேக் பக்கத்தில் வெற்றிடம் கூடும், தேய்ந்த சீலைத் தாண்டி ஒயிலை அது உறிஞ்சி வைத்துக்கொண்டு, திறந்ததும் எரித்துத் துப்பும். அதற்கு மாறாக, திறந்து இழுக்கிற நேரம் முழுக்க, அதிலும் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு இழுக்கும்போது விடாமல் புகைந்தால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர். ஏ9இல் ஓடினால் மட்டும் ஒயில் வெகுவாகக் குறைகிறது என்று முன்பு சொன்னேனே, அதுவும் இந்தப் பக்கத்தைத்தான் காட்டும், அல்லது பிரீதரை.

இரவு முழுக்க நின்ற பைக்கைக் காலையில் ஸ்ராட் பண்ணும்போது முதல் அரை நிமிடம் மட்டும் நீலமாக வந்தால் அதுவும் வால்வு சீல்தான், இரவில் கைட் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கியது எரிகிறது. மார்கழி, தை விடியலில் வெள்ளையாக வந்து கொஞ்ச நேரத்தில் காணாமல் போவது வெறும் நீராவி. கறுப்புப் புகை பெற்றோல் கூடுதலாகப் போவதால், ஒயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ரேடியேற்றர் உள்ள பைக்கில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது, அது வேறு கதை. பழைய டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், உங்களுக்குப் புகைதான் வாழ்க்கை. ஆனால் கியர்பொக்ஸ் ஒயில் குறைந்து புகையும் வழக்கத்தைவிடக் கூடினால் கிளச் பக்கத்துக் கிராங்க் சீலைப் பாருங்கள்.

பிளக், சைலன்சர், பிரீதர்

எஞ்சினைத் திறக்காமல் உள்ளே எட்டிப் பார்க்க இந்த மூன்றும்தான் யன்னல்கள்.

நல்ல ஓட்டம் ஓடிவந்து எஞ்சினை நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். கறுப்பாக இருக்கிறது என்பது மட்டும் ஒன்றும் சொல்லாது. வெள்ளை ரிஸ்யூவில் தேய்த்துப் பாருங்கள். உலர்ந்த கரி தூளாக உதிர்ந்தால் பெற்றோல் கலவை கூட. பசபசவென்று ஒட்டி ரிஸ்யூவில் எண்ணெய்க் கறை பரவினால் ஒயில். ஈரமாக இருந்து ஊதினால் காய்ந்துவிட்டால் பெற்றோல். கராச்காரர் சைலன்சருக்குள் விரல் விட்டாரே, அதற்கும் இதே பரீட்சைதான், விரல் கறுப்பதில் ஒன்றும் இல்லை, அந்தக் கறுப்பு வழுக்குகிறதா என்பதுதான் விசயம்.

சைலன்சரை ஹெட்டில் இருந்து கழற்ற இரண்டு நட்டுதான். போன் லைட்டை அடித்து புகை வெளியேறுகிற எக்ஸ்ஹோஸ்ட் துவாரத்துக்குள் பாருங்கள். வால்வு தண்டைச் சுற்றி மட்டும் ஈரமாக, மற்ற இடம் காய்ந்து இருந்தால் எக்ஸ்ஹோஸ்ட் பக்கத்துக் கைட்டாலோ சீலாலோ வருகிறது. துவாரம் முழுக்க ஒரே சீராக ஈரம் என்றால் சிலிண்டருக்குள்ளேயே ஒயில் வந்துவிட்டது. அதேபோல் காபரேற்றரைக் கழற்றி இன்ரேக் பக்கம் பாருங்கள். வால்வின் முதுகில் கரி தார் மாதிரித் திரண்டு ஈரமாக இருந்தால் இன்ரேக் சீலில் சந்தேகம் வைக்கலாம். ஆனால் காபரேற்றரின் வாயே ஒயிலாக இருந்தால் அது எயார் பில்டர் பெட்டியில் இருந்து, அதாவது பிரீதரில் இருந்து வந்தது. முதலில் அதைப் பாருங்கள்.

பிரீதர் என்பது எஞ்சின் மூடியில் இருந்து எயார் பில்டர் பெட்டிக்குப் போகும் ரப்பர்க் குழாய். பெட்டிப் பக்கத்து நுனியைக் கழற்றி, பெட்டியில் உள்ள ஓட்டையை ஒரு துணியால் அடைத்துவிட்டு (தூசி போகக்கூடாது), எஞ்சினை ஸ்ராட் பண்ணி நுனிக்கு நேரே உள்ளங்கையைப் பிடியுங்கள். ஒற்றைச் சிலிண்டர் என்பதால் புஸ் புஸ் என்று உள்ளேயும் வெளியேயும் மூச்சு விடுவது இயல்பு. விடாமல் வெளியே மட்டும் தள்ளி, புகையும் ஒயில் துளியும் கையில் அடித்தால் ரிங்கைத் தாண்டி வாயு கீழே இறங்குகிறது. அந்த அழுத்தம்தான் சீல்களையும் வெளியே தள்ளி ஒழுகவைக்கும், ஆகவே ஒரே பைக்கில் இரண்டு மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் ஒழுக்குத் தொடங்கினால் காஸ்கெட் மாற்ற முதல் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பைக்கில் குழாய் மடிந்து சீற்றுக்கு அடியில் நசுங்கிக் கிடந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன், அதைப் பிரித்துவிட்டதோடு சரி, வேறொன்றும் செய்யவில்லை.

எயார் பில்டர் பெட்டி திறந்திருக்கும்போது பில்டரையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோப்பாய், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் பக்கத் தோட்ட வழிகளில் ஓடுகிறவர்களுக்குச் செம்மண் தூசி எப்படிப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. பில்டரில் ஒரு சின்னக் கிழிசல் போதும், அந்தத் தூசி ஒயிலோடு சேர்ந்து சிலிண்டருக்குள் அம்மியில் அரைக்கிற மாதிரி அரைத்துவிடும். ரிங் உண்மையாகவே தேய்ந்திருந்தால் காரணம் அநேகமாக இங்கேதான் இருக்கும், காரணத்தை விட்டுவிட்டு ரிங்கை மட்டும் மாற்றினால் மறுபடி அதே கராச்.

கொம்பிரஷன்

கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் உள்ள அமுக்கம், எவ்வளவு என்று காட்டும் கேஜ் உள்ள கராச்சைத் தேடிப் போங்கள், பெருவிரலால் பிளக் ஓட்டையை அடைத்துக் கிக் அடித்துப் பார்க்கிற ஆளிடம் போகவேண்டாம். எஞ்சின் சூடாக இருக்கவேண்டும், அக்சிலேற்றர் முழுக்கத் திறந்திருக்கவேண்டும், முள் ஏறி நிற்கும்வரை ஐந்தாறு கிக். வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிளக் ஓட்டை வழியே ஒரு தேக்கரண்டி ஒயில், 5 மில்லி போல, விட்டு மறுபடி அடியுங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் பக்கம் கசிகிறது, ஒயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்துவிட்டது. ஏறாவிட்டால் கசிவு வால்விலோ ஹெட் காஸ்கெட்டிலோ. ஹொண்டா எம்டி 90 மாதிரிச் சிலிண்டர் படுத்திருக்கும் எஞ்சின்களில் இந்த இரண்டாவது பரீட்சையை நம்பமுடியாது, விட்ட ஒயில் ஒரு பக்கமாகத் தேங்கிவிடும்.

இப்போது முக்கியமான இடம், நிறையப்பேர் வழுக்கி விழுவதும் இங்கேதான். கொம்பிரஷன் நன்றாக இருக்கிறது என்பதால் ரிங் நல்லது என்று ஆகாது. பிஸ்டனில் மூன்று ரிங், மேலே இரண்டும் வாயுவைப் பிடிப்பவை, மூன்றாவது ஒயிலை வழித்துக் கீழே அனுப்புவது. அந்த மூன்றாவது கரி பிடித்துப் பள்ளத்துக்குள் ஒட்டிக்கொண்டால் கொம்பிரஷன் புது எஞ்சின் மாதிரிக் காட்டும், ஒயில் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். ஒயில் மாற்றாமல் மாதக்கணக்கில் ஓட்டினாலும், எஞ்சின் அடிக்கடி கடுமையாகச் சூடேறினாலும் வருவது இதுதான். வால்வு சீலும் கொம்பிரஷனில் தெரியாது. ஆகவே கேஜ் குறைவாகக் காட்டினால் அது சாட்சி, நன்றாகக் காட்டினால் அது தீர்ப்பு அல்ல.

2020இல் நிறுத்தின வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி திறந்தது, அதனால் இன்றைக்கும் பழைய பைக்கை நல்ல விலை கொடுத்து வாங்குகிறோம். வாங்கப் போகிறவர்கள் காலையில், எஞ்சின் குளிராக இருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வர முதலே ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் "பின்னேரம் வாறன் அண்ணை" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் விடிய சொல்லாமல் போங்கள்.

திறக்கத்தான் வேண்டும் என்றால்

அதற்கு முதல் ஒன்று. ஒருதரம் ஒயிலைச் சரியான வகைக்கு மாற்றி 500 கிலோமீற்றர் அளந்து பாருங்கள். புத்தகத்தில் சொன்ன கிரேட், சீல் உடைக்காத போத்தல், கியர் பைக் என்றால் ஜாசோ எம்.ஏ அல்லது எம்.ஏ2 (மோட்டார்சைக்கிள் ஒயிலுக்கான தரக்குறி) என்று போட்டது. காருக்கு விடும் ஒயிலை விட்டால் கிளச் வழுக்கலாம். பீப்பாயில் இருந்து அளந்து தருகிற மலிவு ஒயிலை மாற்றியதோடு பாதியாகக் குறைந்த பைக்குகளும் உண்டு. தடித்த ஒயில் விட்டால் குறைவது குறையும்தான், ஆனால் அது நோவுக்குப் பனடோல் போட்ட கணக்கு.

திறப்பது என்று முடிவானால், புளொக் கழற்றும் நேரம் பக்கத்தில் நில்லுங்கள். மெக்கானிக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், பிளேன் ரீ ஒன்று வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கலாம். வால்வு சீலை எடுத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள், நல்ல ரப்பர் அமிழ்ந்து எழும், போனது பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருக்கும். வால்வைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பக்கவாட்டில் அசைத்தால் டக்டக் என்று ஆடினால் கைட் தேய்ந்துவிட்டது, புதுச் சீல் போட்டாலும் அதிக நாள் நிற்காது. ரிங்கைப் பிஸ்டனால் தள்ளிச் சிலிண்டருக்குள் நேராக இருத்தி, வாய் இடைவெளியைப் பீலர் கேஜால் (மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கிற கருவி) அளக்கச் சொல்லுங்கள். சின்ன எஞ்சின்களில் மேல் ரிங்குக்குப் புதிதில் 0.1 தொடக்கம் 0.3 மில்லிமீற்றர் போல இருக்கும், 0.5ஐத் தாண்டினால் அந்த ரிங்கின் காலம் முடிந்தது. சிலிண்டர் சுவரில் நெடுக்காகக் கோடு விழுந்திருந்தாலோ, மேல் விளிம்பில் நகம் தடுக்கினாலோ ரிங் மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு.

போர் அடிக்க, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்க, லேத் பட்டறைக்குக் கொடுப்பதாக இருந்தால் முதலில் ஓவர்சைஸ் பிஸ்டனை (கொஞ்சம் பெரிய அளவு) வாங்கிக் கையில் கொடுங்கள். பிஸ்டனை அளந்து அதற்கேற்றபடிதான் போர் அடிக்கவேண்டும், போரை அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடக்கூடாது. யமஹா ஆர்15 மாதிரி அலுமினியச் சிலிண்டர்களைப் போர் அடிக்க முடியாது, புளொக்கையே மாற்றவேண்டும். ரிங்கில் எழுத்துப் பொறித்த பக்கம் மேலே, மூன்று ரிங்கின் வாயும் ஒரே கோட்டில் வராமல் 120 பாகை விலக்கி. இதைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் பிளேன் ரீ.

பூட்டிய பிறகு முதல் 500 கிலோமீற்றர் சும்மா நிற்கவைத்து நீண்ட நேரம் ஓடவிடவேண்டாம், ஒரே வேகத்தில் நீண்ட தூரமும் வேண்டாம், ஏற்றி இறக்கி ஓடுங்கள், பிறகு ஒயிலை மாற்றுங்கள். ரிங் படியும்வரை கொஞ்சம் ஒயில் குறையத்தான் செய்யும், அதைப் பார்த்துக் கராச்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம். 1000 கிலோமீற்றர் தாண்டியபிறகு அதே சூப்பிப் போத்தலை எடுத்து, அதே சீமெந்துத் தரையில் மறுபடி அளக்கத் தொடங்குங்கள். அப்போதும் முன்பு போன அதே அளவு போனால், முன் பல்சக்கர மூடியைக் கழற்றிப் பாருங்கள்.